தொட்டுப் பார்த்த முட்டைகள்

அந்த வருடம் மின்நிலையப் புகைபோக்கியின் உச்சியில் வல்லூறு இட்ட மூன்று முட்டைகளையும் பாதிப் பொழுது அடைகாத்தவர், நான்கு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்த டெய்லரம்மா. கால் முறிந்து வீட்டோடு கிடந்த அவர், கூட்டுக் கேமராவைக் கணினியில் பார்த்து, பறவை வந்த நேரம், போன நேரம், முட்டையின் சூடு எல்லாவற்றையும் ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதி அனுப்புபவர்களில் ஒருவர். சூட்டின் அளவு திரையின் ஓரத்திலேயே தெரியும். பள்ளிக்கூடங்களிலும் அதே படம்தான் ஓடியது. எந்த முட்டை எந்த வகுப்புக்கு என்று பிள்ளைகளுக்குள் அடிதடி வேறு.

பதினெட்டாம் நாள் ஆண் வல்லூறு மின்கம்பியில் அடிபட்டுச் செத்தது. பெண் பறவையே இரை தேடக் கிளம்ப, சூடு முப்பத்தேழிலிருந்து இருபத்தொன்பதுக்கு இறங்கியது. இப்படியே போனால் மூன்றும் கூமுட்டைதான். டெய்லரம்மா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போன் போட்டார்.

"யாராவது மேலே ஏறி ஒரு பல்பாவது போட்டு வைங்களேன் சார்."

"கூடாதும்மா. நம்ம வேலை பார்க்கிறது மட்டும்தான்," என்றார் ஆராய்ச்சியாளர்.

பாழும் மனசு கேட்குமா? டெய்லரம்மா திரையில் தெரிந்த முட்டைகள்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு முப்பத்தேழுக்கு ஏறியது. ஊர் முழுக்க எல்லாத் திரைகளிலும் முட்டைகளைப் பொத்தியபடி ஊசித்தழும்பு நிறைந்த ஒரு கை தெரிந்தது. உடனே போன் அடித்தது.

"என்னம்மா பண்றீங்க? பார்க்க மட்டும்தானே சொன்னேன்?"

"தொட்டுப் பார்க்கிறேன் சார். அதுவும் பார்க்கிறதுதானே?"

ஆராய்ச்சியாளர் விதிமுறைகளை இரண்டு தரம் புரட்டினார். தொட்டுப் பார்க்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "வலது கை வலிச்சா இடது கையை வைங்கம்மா," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பதினைந்து நாள் இப்படி ஓடியது. ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். மூன்று முட்டையும் பொரிந்த அன்று எந்தப் பள்ளியிலும் பாடம் நடக்கவில்லை. தாய்ப்பறவை புறா ஒன்றைக் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டியது. பிறகு ஒரு கறித்துண்டைக் கேமராவின் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்தது. துண்டு டெய்லரம்மாவின் கீபோர்டில் வந்து விழுந்தது.

அவர் சுத்த சைவம். ஆனால் புருஷன் போன பதினோரு வருடத்தில், நீ சாப்பிட்டாயா என்று அவருக்காக ஒரு வாய் எடுத்து வைத்தவர் யாருமில்லை. அழுகையும் சிரிப்புமாக நொண்டிக்கொண்டே போய், இருந்ததில் நல்ல தட்டாக எடுத்துவந்து அதில் வைத்தார். மறுநாளிலிருந்து பறவை திரும்பும் நேரத்துக்குத் தட்டைக் கழுவித் தயாராக வைத்தார். கீழ்வீட்டுப் பூனையும் நேரம் தவறாமல் வந்துவிடும்.