வண்டி ரிப்போர்ட்

டோக்கன் நம்பர் பதினான்கு. அந்தத் துண்டுச் சீட்டை அவள் இரண்டாக மடித்து, நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக ஓவர்லாக் மெஷினில் துணிக்கு ஓரம் அடிக்கும் கை. சும்மா இரு என்றால் இருக்காது. ஒன்பதாம் நம்பர் உள்ளே போய் இருபது நிமிஷம் ஆகிவிட்டது. முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் கூடத்தில் நாற்பது பேராவது இருப்பார்கள். முட்டி வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், காது மந்தமானவர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆளாளுக்குத் தங்கள் நோயைத் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் மட்டும் எதிர்ச் சுவரைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

தெருவில் அவருக்குப் பட்டாளத்தார் என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் ராணுவ லாரி ஓட்டியவர். இன்றைக்கு மழுமழுவென்று சவரம், மடிப்புக் கலையாத சட்டை, முகம் பார்க்கலாம் போல ஷூ. எல்லாம் அவளுடைய உபயம். காலையில் அவர் கை ஆடிய ஆட்டத்தில் சவரக் கத்தியை அவள்தான் வாங்கிக்கொண்டாள். நாலு பேர் வந்துபோகும் இடம், ஆள் கௌரவமாகத் தெரிய வேண்டாமா? நேற்று மாலைக்குப் பிறகு அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு ராணுவக் காப்பீடு உண்டு. இருபத்தெட்டு நாள் படுக்கை, மருந்து, சாப்பாடு எல்லாம் அந்தக் காப்பீட்டு அட்டையில் அடக்கம். இதை அவளுக்குச் சொன்னவள் தையல் கம்பெனியில் கூட வேலை பார்க்கும், பட்டன் தைக்கிற பட்டன் அக்கா. பட்டன் அக்காவின் தம்பி அப்படித்தான் மனுஷனாகித் திரும்பி வந்தான். ஆனால் இங்கே டாக்டர் கேள்வி கேட்டு, நோயாளி தன் வாயால் சொல்வதை எழுதி அனுப்பினால்தான் காப்பீட்டு அலுவலகம் ஒத்துக்கொள்ளும். அங்கேதான் சிக்கல். வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு, "என்னை எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடு" என்று அழுத மனுஷர், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு குறையும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டார். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பட்டாளத்தில் வருஷா வருஷம் உடல் சோதனை உண்டு. இடுப்பு வலிக்கிறது என்று வாய் தவறிச் சொன்னவனை வண்டியிலிருந்து இறக்கிக் கிடங்கில் மூட்டை எண்ணப் போட்டுவிடுவார்கள். டிரைவர் படியும் அத்தோடு போய்விடும். ஆகவே காய்ச்சல் கொதித்தாலும் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். பட்டாளத்தை விட்டு வந்து ஆறு வருஷமாகியும் அந்தப் பாட்டு அவர் நாக்கை விட்டுப் போகவில்லை.

கவுன்டரில் இருந்த கிளார்க் கையை ஆட்டி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். முதல் தடவை வந்தபோதே இந்தப் படிவங்களை அவர்தான் நிரப்பிக் கொடுத்தார்.

"இந்தத் தடவையும் இல்லன்னு சொன்னா ஃபைல மூடிடுவாங்கம்மா. அப்புறம் ஒரு வருஷம் கழிச்சுத்தான் திறக்கலாம். ரூல் அப்படி."

"ஒரு வருஷம் அவர் இருக்கணுமே, சார்."

கிளார்க் பேனாவை மூடினார், திறந்தார். "உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி எடுத்துச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."

"வீட்டுல இருந்து பஸ்ல ஏறி இறங்குற வரைக்கும் அதத்தான் சார் சொல்லிட்டு வந்தேன். சரி சரின்னுதான் தலையாட்டினார். அந்தக் கதவுகிட்ட போனதும் அவருக்கு என்னதான் ஆகுதோ."

பதினான்கு என்று விளக்கு எரிந்தது.

இந்த முறை டாக்டர் ஒரு பெண். சின்ன வயசு. மேஜையில் பாதி குடித்த டீ ஆறிக் கிடந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தினமும் குடிக்கிறீங்களா?"

"இல்ல மேடம். எப்பவாவது."

"காலைல எழுந்ததும் கை நடுங்குதா?"

"இல்ல மேடம்."

"தூக்கம்?"

"ஒரு குறையும் இல்ல மேடம்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், ஷூவைப் பார்த்தாள். அந்த நொடியில்தான் பக்கத்தில் இருந்த அவளுக்கு உறைத்தது. மூன்று தடவையும் பார்த்துப் பார்த்துத் துவைத்து, தேய்த்து, பாலிஷ் போட்டு, ஒரு குறையும் இல்லாத ஆளைத் தானே தயார் செய்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். இழுத்துவைத்து ஓரம் அடித்தது போல எல்லாக் கிழிசலையும் மறைத்திருக்கிறாள்.

"மேடம், அவரோட கைய வெளிய எடுக்கச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா நீங்க சொல்லியோ நான் பாத்தோ எழுத முடியாது. அவர் சொல்லணும், சம்மதிக்கணும்." டாக்டரம்மா மறுபடி திரையைப் பார்த்தாள். "சர்வீஸ்ல என்ன வேலை பாத்தீங்க?"

அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. "டிரைவர் மேடம். இருபத்திரண்டு வருஷம். ஒரு ரிப்போர்ட் தப்பா எழுதினதில்ல."

அந்தக் கதையை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். போதையில் பாதி, தெளிவில் பாதி. தினமும் சாயங்காலம் வண்டியை விட்டதும் என்ன பழுது என்று டிரைவர் ரிப்போர்ட் எழுத வேண்டும். மலைப்பாதையில் ஒரு பெரிய அதிகாரியை ஏற்றிப் போக வேண்டிய நாளில், பிரேக் சரியில்லை என்று இவர் எழுதிவிட்டார். வண்டியை எடுக்க மாட்டேன் என்றும் நின்றுவிட்டார். எதிர்த்துப் பேசினதற்கு ஏழு நாள் காவல். எட்டாம் நாள் பிரித்துப் பார்த்தால் பிரேக் குழாய் நூலாகத் தேய்ந்திருந்தது. தன் உடம்பைப் பற்றி ஆயிரம் பொய் சொன்னவர், வண்டியைப் பற்றி ஒரு பொய் சொன்னதில்லை.

ஃபைலை மூட டாக்டரம்மாவின் விரல் விசைப்பலகைக்குப் போனது.

"மேடம், ஒரு நிமிஷம். நோயப் பத்தி நான் பேசல. வண்டியப் பத்திக் கேக்கலாமா?"

"வண்டியா?" டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விரலை எடுத்துக்கொண்டாள்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, மேடம்கிட்ட சாயங்கால ரிப்போர்ட் குடுங்க."

"எந்த வண்டிக்கு?"

அவள் அவருடைய சட்டைப் பையின் மேல் விரலை வைத்தாள். "இந்த வண்டிக்கு."

அவர் அவளைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். பிறகு அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து விறைப்பாக நின்றார். தொடைக்கடியில் கிடந்த கைகள் வெளியே வந்து, பக்கவாட்டில் ஆடிக்கொண்டு தொங்கின.

"காலைல தானா ஸ்டார்ட் ஆகாது மேடம். கால் பாட்டில் ஊத்தணும். ஊத்தலேன்னா முன்பக்கம் ரெண்டும் ஆடும்." தன் கைகளைக் கண்ணால் காட்டினார். "பத்து மணிக்கு மறுபடி ஊத்தணும். மத்தியானம் ஒரு தடவை. சாயங்காலத்துக்கு மேல எவ்வளவு போகுதுன்னு தெரியாது. மீட்டர் வேலை செய்யல."

டாக்டரம்மா டைப் அடிக்கத் தொடங்கினாள். "எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா இப்படி. அதுக்கு முன்னாடியும் உண்டு மேடம். மலை மேல குளிருக்கு யூனிட்லயே அளந்து ஊத்துவாங்க. வேணாம்னா கிண்டல் பண்ணுவாங்க."

"ஆக்ஸிடென்ட் ஏதாவது?"

"போன மாசம் ஸ்கூலுக்குப் பின்னாடி சாக்கடையோரம் நின்னுபோச்சு. மகதான் வந்து இழுத்துட்டுப் போனா. அவ அம்மாகிட்ட சொல்லாதன்னு நான்தான் சொன்னேன்."

போன மாதம் மகள் யூனிஃபார்ம் முழுக்கச் சேறாக வந்து நின்றாள். சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றாள். பதினாலு வயசில் கண்ணு மண்ணு தெரியாத ஓட்டமா என்று மகளின் முதுகில் அவள் ஒன்று வைத்திருந்தாள். அந்த அடி இப்போது அவளுடைய உள்ளங்கையில் எரிந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ரோட்டுல ஓட்டத் தகுதியில்ல மேடம்," என்று அவர் முடித்தார். குரல் உடைந்தது, உடம்பு மட்டும் விறைப்பாகவே நின்றது. "ஷெட்டுல விடணும்."

"விடலாம்," என்றாள் டாக்டரம்மா. "உக்காருங்க. ரிப்போர்ட் ரொம்பத் தெளிவா இருக்கு."

படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. படைப் பணியினால் வந்த நோயா? டாக்டரம்மா 'ஆம்' என்று அழுத்தினாள். திரை சிவந்து நின்றது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் சிவப்பு. இந்த நோய்க்கு அந்த இடத்தில் 'இல்லை' என்று போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டு 'இல்லை' என்று போட்டாள். பக்கம் திறந்தது.

முக்கால் மணி நேரத்தில் கிளார்க் தன் இடத்தை விட்டு எழுந்தே வந்துவிட்டார். "அப்ரூவல் வந்துடுச்சும்மா. இருபத்தெட்டு நாள். இன்னைக்கே சேந்துக்கலாம்." அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நன்றி சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. கிளார்க் அதைப் பார்க்காதவர் போல முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

சிகிச்சை வார்டு அதே வளாகத்தின் பின்பக்கம் இருந்தது. சுத்தமான இடம். ஜன்னல் ஓரக் கட்டில். நர்ஸ் ஊசி போட்டாள், இனி நடுக்கம் அடங்கும் என்றாள். பெல்ட்டையும் ஷூ கயிற்றையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். டிஸ்சார்ஜ் வரைக்கும் காப்பீட்டு அட்டை தங்களிடம் இருக்கும் என்று அதையும் வாங்கி ஒரு உறைக்குள் போட்டார்கள். கயிறில்லாத ஷூவில் அவர் தொளதொளவென்று நடந்து கட்டிலில் போய் உட்கார்ந்தார். அந்த நடையைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. டயர்ல காத்து இல்ல."

அவரும் சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று. "மகள ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா," என்றார். "அவள ஒண்ணும் கேட்டுடாத."

"கேக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

வெளியே வந்தபோது நல்ல வெயில். அவளுக்குப் பசித்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பதே இப்போதுதான் நினைவு வந்தது. உடம்பு இறகாக இருந்தது. அரை நாள் சம்பளம் போனாலும் மத்தியான ஷிஃப்டுக்குப் போய்விடலாம், பட்டன் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபடி வெளி கேட்டை நோக்கி நடந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் படைவீரர் கேன்டீன். சோப்புக்கும் எண்ணெய்க்கும் ஒரு ஜன்னல், பாட்டிலுக்கு ஒரு ஜன்னல். மாதக் கோட்டா, வெளிக் கடையைவிடப் பாதி விலை, இதற்கும் அதே காப்பீட்டு அட்டைதான். பாட்டில் ஜன்னலின் வரிசை நிழல் தீர்ந்து வெயில் வரைக்கும் நீண்டிருந்தது, ஆனாலும் மளமளவென்று நகர்ந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து நிற்க முடியாத மாதங்களில் அவளே அந்த வரிசையில் நின்று வாங்கிப் போயிருக்கிறாள். யாரும் அவளை ஏன் என்று கேட்டதில்லை.

ஜன்னல்காரருக்கு அவள் முகம் தெரிந்திருந்தது. தலையை வெளியே நீட்டினார். "என்னம்மா, வீட்டுக்காரர் இந்த மாசக் கோட்டா இன்னும் எடுக்கலையே. கார்டு கொண்டு வந்திருக்கியா?"

"கார்டு ஆஸ்பத்திரில அட்மிட் ஆயிருக்குண்ணே," என்றாள் அவள். வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஜன்னல்காரர் அடுத்த ஆளிடம் திரும்பினார். மழுமழுவென்று சவரம் செய்த மனிதர், தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ. அவருடைய வலது கை அட்டையைப் பிடித்திருந்தது, இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. இரண்டு கையும் சேர்ந்து அட்டையை மெஷினில் வைத்தன. மெஷின் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை 'பீப்' என்றது.

"எப்படி இருக்கீங்கண்ணே?" என்றார் ஜன்னல்காரர், பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

அந்த மனிதர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஒரு குறையும் இல்ல."