அல்மாஸ் நெய்த சிங்கம்

ஈரான் மலைகளில் ஆடு மேய்த்துத் திரியும் எங்கள் காஷ்காய் இனத்தில் வீரனுடைய கூடாரத்தில்தான் சிங்கக் கம்பளம் விரிப்பார்கள். என் மாமியார் அல்மாஸ், மூத்த மகன் ஆயாஸின் கல்யாணத்துக்கென்று அப்படி ஒன்றைத் தறியில் ஏற்றியிருந்தாள். கம்பளம் கீழிருந்து மேலே வளரும் என்பதால் சிங்கத்துக்குக் கால்தான் முதலில் வரும். நான்கு கால்களும் முடிந்திருந்த சமயத்தில், சுனைத் தண்ணீருக்காகப் பக்கத்துக் கூட்டத்தோடு சண்டை மூண்டது.

காவலுக்குப் போன அண்ணன் தம்பியில் அண்ணன் ஆயாஸ் மட்டும் திரும்பி வந்தான். "ஆள் கூப்பிடத்தான் ஓடி வந்தேன்" என்றான். ஆட்கள் போய்ப் பார்த்தபோது தம்பி பைராம் சுனையோரம் குப்புறச் செத்துக் கிடந்தான். அவன் துப்பாக்கியில் தோட்டா மிச்சமில்லை. ஆயாஸின் துப்பாக்கி ஒரு முறைகூட வெடித்திருக்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல்தான் வேறு கூட்டத்திலிருந்து நான் ஆயாஸுக்கு மனைவியாக வந்தேன். கூடாரத்தில் அந்தக் கம்பளம் விரித்திருந்தது. அடியில் நான்கு மஞ்சள் கால்கள். அதற்கு மேல் விளிம்புவரை வெறும் சிவப்பு.

"உடம்பு எங்க அத்தை?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓடறவனுக்குக் கால் போதும்மா."

பெண்கள் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்கள். என் கணவர் எழுந்து குதிரைகளைப் பார்க்கப் போனார்.

மறுநாளே அதைச் சுருட்டி மூட்டைகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நீ நெய்யி. முழுச் சிங்கமா வேணும்" என்றார். மறுக்க முடியவில்லை. இரண்டு குளிர்காலம் விரல் வெடிக்க முடிச்சுப் போட்டேன். அத்தை அவ்வப்போது தறியருகே வந்து நிற்பாள். "பிடரி நல்லா வந்திருக்கு. உன் கையில குறையில்ல" என்பாள். அதோடு போய்விடுவாள்.

கோடை மேய்ச்சலுக்கு மலையேறியதும் என் கணவர் ஆடு அறுத்து ஆட்களை அழைத்தார். நடுவில் சிங்கத்தை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், சலாம் சொன்னார்கள், கம்பளத்தைச் சுற்றிப் போய் ஓரத்துக் கம்பளி விரிப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். "மேல வாங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். "இங்கயே வசதியா இருக்கு" என்றார் ஒரு பெரியவர். யாரும் என் கணவரைத் திட்டவில்லை. சோற்றைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "சிங்கமா இது? நாய் மாதிரி இருக்கு. உனக்கு நெய்யவே தெரியல" என்றார்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அத்தை எலும்புகளைப் பொறுக்கி நாய்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "உன் கையில குறையில்லன்னு அப்பவே சொன்னேனே" என்றாள், நிமிராமலே.