முனிரத்தினத்தின் பெயரில் ஒரு துடிப்பு

முனிரத்தினம் செத்துப்போன செய்தி எங்களுக்கு வந்தபோது அவருடைய இதயம் என் கம்ப்யூட்டரில் துடித்துக்கொண்டிருந்தது.

கதைக்குச் சுவை கூட்டுவதற்காக இப்படி ஆரம்பிக்கவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டரில் நம்பிக்கை உண்டு, அதுவும் அரைகுறையாகத்தான். அதனால் செய்தி கொண்டுவந்த தீனாவிடம்தான் முதலில் எரிந்து விழுந்தேன்.

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் எனக்கு வேலை. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களின் உடம்பில் என்ன நடக்கிறது என்பதுதான் ஆய்வு. வருஷக்கணக்கில் ராத்திரி விழித்துப் பகலில் தூங்கினால் ஹார்மோன் தடம் மாறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, கடைசியில் இதயத்தில் போய்க் கை வைக்கிறது. அது எப்படி என்று பார்க்க ஆட்களிடம் ரத்தம் எடுப்போம், எச்சில் எடுப்போம், மார்பில் ஒரு பட்டை கட்டிவிடுவோம். பட்டை துடிப்பைப் பிடித்து அவர்கள் போனுக்கு அனுப்பும். போன் எங்களுக்கு அனுப்பும். நாகலாபுரம், சத்தியவேடு பக்கத்து ஊர்களில் சிக்னல் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஆகவே ஒரு நாள் துடிப்பு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் எங்களிடம் வந்து சேரும்.

ஊர் ஊராகப் போய்ப் பட்டை கட்டிவிட்டு வருவது தீனாவின் வேலை. அந்தப் பக்கத்துக்காரன், எல்லோரையும் முறை வைத்துக் கூப்பிடுவான். ஆள் மாற்றிச் சொல்கிறாய், இதோ பார் என்று திரையைக் காட்டினேன். அவன் பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"மேடம், நான் சாவுக்குப் போய்ட்டு வந்துகினு கீறேன். மால போட்டது நானு."

பதிவை முதலிலிருந்து பார்த்தேன். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி வேனில் வந்து இறங்கியது வரை துடிப்பு ஒழுங்காக ஓடியது. விடியும் நேரத்தில் தாறுமாறாக அடித்து, நடுங்கி, நேர்கோடு ஆனது. ஒரு மனிதர் உயிர் விட்டது என் திரையில் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. அதன்பின் நீளமாக ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலம், அவரை எரித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருப்பார்கள், துடிப்பு மறுபடி தொடங்கியிருந்தது.

மெதுவான துடிப்பு. அவசரமே இல்லாமல், யோசித்து யோசித்து அடித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். விடியற்காலை, அவர் இதயம் நின்ற அதே நேரத்தையொட்டி, இதுவும் நின்றது. சில விநாடிகள் வெறும் கோடு. பிறகு ஒன்றும் நடக்காததுபோல மீண்டும் அடித்தது. மறுநாள் வந்த பதிவிலும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. ஹாஸ்டலில் விடியற்காலையில் தானாக விழிப்பு வந்தது. என் மணிக்கட்டை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பக்கத்து அறையில் யாரோ பக்கெட்டை நகர்த்தும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு சீராகும். அலுவலகத்துக்குப் போனதும் வேறு எந்தப் பதிவையும் தொடாமல் அதைத்தான் முதலில் திறந்தேன். திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் திறந்தேன். முனிரத்தினத்தின் எண்ணுக்குப் போன் போட்டால் மணி அடித்து ஓய்ந்தது. எடுத்துப் பேசிவிடுவாரோ என்று போனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்திருந்தேன்.

பொறுக்க மாட்டாமல் எங்கள் தலைமை டாக்டர் ஜெகநாதனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் சிரித்தார். வேறு யாரோ பட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இதற்கா இப்படி முகம் வெளுத்துப்போய் வந்தாய் என்று கிண்டல் செய்தார். பிறகு விடியற்காலைப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. கட்டியிருப்பது யாராக இருந்தாலும் அந்த ஆள் ஒரு நாள் காலையில் எழுந்திருக்காமலே போகலாம், உடனே இங்கே அழைத்து வா என்றார்.

அன்றைக்கே தீனாவும் நானும் கிளம்பினோம். புத்தூர் தாண்டும் வரை பஸ்ஸில் அவன் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டு வந்தான். பயத்தை மறைக்கத்தான் பேசுகிறான் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதே கேஸ் என்பதால் பேச விட்டுவிட்டேன்.

மறுநாள் காரியம் என்பதால் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. பக்கத்தில் அவர் படம், படத்துக்கு முன்னால் சார்ஜ் ஏறிக்கொண்டு அவருடைய போன். அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லையாம், சார்ஜ் மட்டும் போட்டு வைக்கிறார்களாம். அவர் மனைவி காஞ்சனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சித்திரை மாதப் புழுக்கத்தில் எனக்கு முதுகு நனைந்து ஒட்டியது. அவரோ ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தார். முகமும் கண்ணிமைகளும் உப்பியிருந்தன. அழுத முகம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேச வாயைத் திறந்தபோது குரல் கட்டைக் குரலாக இருந்தது. அழுகை இத்தனையும் செய்யாது.

பட்டை எங்கே என்று கேட்டேன். அவர் போர்வையை விலக்கினார். ரவிக்கைத் துணிக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் தெரிந்தது.

"பச்ச லைட்டு அணையவே கூடாது, அணைஞ்சா அதுவரிக்கும் எடுத்ததெல்லாம் வீணுன்னு இந்தத் தம்பிதான் அவருகிட்ட சொல்லிச்சு. குளிப்பாட்டறப்ப கழட்டுனாங்க, அணைஞ்சிபோச்சி. வெளக்காண்ட வெச்சிப் பாத்தேன், எரியல. என் மேல கட்டிகினேன். எரிஞ்சிச்சி."

தீனா தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொன்னதில் தப்பில்லை, எல்லா வீட்டிலும் அதைத்தான் சொல்வோம். உடம்பில் துடிப்பு இருந்தால்தான் அந்த விளக்கு எரியும் என்பதை மட்டும் சொல்வதில்லை. கிடத்திய இடத்து விளக்கு காரியம் முடியும் வரை அணையக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பச்சை விளக்கும் அந்த வழக்கத்தில் சேர்ந்துவிட்டது. அவருக்காக அந்த அம்மாள் இரண்டு விளக்கையும் காத்துக்கொண்டிருந்தார்.

பேய் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, கோபம். யார்மேல் என்றுகூடத் தெரியாத கோபம். அவர் அருகில் உட்கார்ந்து, விடியற்காலையில் உங்களுக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். காஞ்சனா, தன் மகள் அங்கே இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு இருட்டிகினு வருது. அப்ப அவரு வர்றாரு மேடம். வேலைக்குப் போய்ட்டு வர்றா மாதிரியேதான். சட்டையக் கழட்டி ஆணில மாட்டறாரு. நான் எழுந்துக்கறதுக்குள்ள போயிடறாரு."

சுவரில் ஆணி இருந்தது. அதில் கம்பெனிச் சட்டை ஒன்று தொங்கியது. அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன். அந்த நேரத்தில் உங்கள் இதயம் கொஞ்சம் நின்றுவிடுகிறது, மூளைக்கு ரத்தம் போவதில்லை, அதனால்தான் கண் இருட்டுகிறது, என்னென்னவோ தெரிகிறது; ஒரு நாள் அது நின்றது நின்றதுதான் என்று ஆகிவிடும். இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். பயமுறுத்தினால் கிளம்பிவிடுவார் என்ற கணக்கு. அவர் பயப்படவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்ப அது நின்னாதான் அவரு வர்றாரா?"

ஆமாம் என்பதுதான் பதில்; அதைச் சொல்லாமல், இன்றைக்கே எங்களோடு திருப்பதிக்கு வாருங்கள் என்றேன்.

காரியம் முடியாமல் எப்படி வருவது, நாளைக்கு எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். இன்னொரு விடியற்காலையை அவர் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உறவுக்காரர்களும் அவர் பக்கமே பேசினார்கள். அதற்குள் மகள் அக்ஷயா பின்கட்டிலிருந்து வந்து கதவோரம் நின்றிருந்தாள். புத்தூரில் காலேஜ் படிக்கிற பெண். எவ்வளவு நேரமாக நின்றாளோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "நைனாவும் இப்டித்தான், கண்ணுதான் இருட்டுது, ஒண்ணும் இல்லன்னு சொல்லிகினு இருந்தாரு," என்றாள். "அத்தக் கழட்டிக் குடு. நான் கட்டிக்கறேன். லைட்டு அணையாது. நீ போய்ட்டு வா."

காஞ்சனா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது அக்ஷயாவின் துப்பட்டாவுக்குள் பச்சை தெரிந்தது. அன்றைக்கே காஞ்சனாவைத் திருப்பதிக்கு அழைத்து வந்தோம்.

மறுநாள் வந்த பதிவில், முனிரத்தினத்தின் பெயரில் ஒரு சின்னப் பெண்ணின் இதயம் தடதடவென்று ஓடியிருந்தது. விடியற்காலையிலும் நிற்காமல் ஓடியிருந்தது. பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

காஞ்சனாவின் ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இது ஒரு நாளில் வந்தது இல்லை, பல வருஷம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். ஹார்மோன் அற்றுப்போய்த்தான் இதயம் இப்படி இழுத்துக்கொண்டும் நின்றுகொண்டும் இருக்கிறது, மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். அந்த வீட்டுக்கு நாங்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஷிப்டுக்குப் போகிற ஆளைத்தான் ஆய்வில் எடுப்போம். சோறு ஆக்கிப் போட்டு, அவர் தூங்கும்போது சத்தம் இல்லாமல் நடமாடிய ஆள் எங்கள் கணக்கிலேயே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, சின்ன அளவில் மாத்திரை தொடங்கி, மெதுவாகக் கூட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆடி பிறந்ததும் தீனா போய் மறுபடி பட்டை கட்டிவிட்டு வந்தான். இந்தத் தடவை அவர் பெயரிலேயே. முக வீக்கம் வடிந்து வேறு ஆள் மாதிரி இருக்கிறார் என்று சொன்னான்.

பதிவு வந்ததும் நேராக விடியற்காலைக்குப் போனேன். ஓர் இடைவெளிகூட இல்லை. சீராக, ஒரே தாளத்தில், பொழுது புலர்ந்து பல் விளக்கி அடுப்பு பற்றவைக்கும் வரை அடித்துக்கொண்டே போயிருந்தது. இந்த வேலைக்கு வந்ததிலிருந்து இத்தனை சந்தோஷமாக ஒரு படத்தை நான் பார்த்ததில்லை. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அவருக்கே போன் போட்டேன்.

எடுத்தார். குரல் தெளிந்திருந்தது. உங்கள் இதயம் இப்போது நிற்பதே இல்லை, மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"தெரியும் மேடம்," என்றார். "காலைல இப்ப யாரும் வர்றதில்ல."

போனுக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது. அவரே கேட்டார், ஒரு நாள் மாத்திரை போடாவிட்டால் என்ன ஆகும் என்று. மறந்துபோவதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, இந்த மருந்து உடம்பில் நாள்கணக்கில் தங்கும், ஒரு நாள் விட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது, பயப்படாதீர்கள் என்று பாடம் நடத்துகிறமாதிரி தைரியம் சொன்னேன்.

"அப்ப எத்தினி நாளு போடாம இருந்தா வருவாரு?"

போனை அக்ஷயாவிடம் கொடுக்கச் சொன்னேன்.