ஒரே காரில் வந்தவர்கள்

வெண்டெலின் கார் சமூகக்கூடத்து வாசலில் நின்றது. இங்க்ரிட் இறங்கி, கதவை அறையாமல், ஆனால் திரும்பியும் பார்க்காமல் உள்ளே போனாள். கார் சாலையைக் கடந்து எதிரே இருக்கும் தேவாலயத்தின் பக்கவாட்டில் போய் நின்றது. வெண்டெல் பின்சீட்டிலிருந்து ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் படியிறங்கினான். புருஷன், பெண்டாட்டி இருவரும் ஆடத்தான் வந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு இடத்தில். பனிக்காலத்தில் எங்கள் வெர்மான்ட் மலைச்சாலையில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு கார் எடுப்பது முட்டாள்தனம் என்பதில் மட்டும் இருவருக்கும் இன்னும் ஒரே கருத்து.

பகலில் நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். சனிக்கிழமை மாலை சமூகக்கூடத்தில் நடக்கும் கான்ட்ரா என்ற ஜோடி நடனத்துக்கு வயலின் வாசிக்கிறேன். எதிரெதிரே இரண்டு வரிசையாக ஜோடிகள் நிற்க, அடுத்த அடி என்ன என்று மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டே வரவேண்டும். எங்கள் ஊரில் சொல்பவன் வெண்டெல். ஆண்கள் குறைந்தால், என்றைக்குத்தான் குறையவில்லை, பெண்கள் வாசலோர மரப்பெட்டியிலிருந்து பழைய டை ஒன்றை மாட்டிக்கொண்டு ஆண்கள் இடத்தில் நிற்பார்கள். வெண்டெல் முதன்முதலாகப் பார்த்தபோது இங்க்ரிட்டின் கழுத்தில் மீன் படம் போட்ட டை தொங்கியது. அதைச் சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தினார்கள்.

சாமான் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கும் கீகன் எப்போதும் பெண்கள் இடத்தில் நின்றுதான் ஆடுவான். பெண்களுக்காவது டை இருந்தது. அவன் மாட்டிக்கொள்ள அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை. ஒருநாள் வெண்டெல் மைக்கில், "என்ன தம்பி, வழி தவறிட்டியா? உன் எடம் அந்தப் பக்கம்ல" என்றான். கூடமே சிரித்தது. கீகனும் சிரித்தான். அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஆட்டத்தை நடத்தும் கமிட்டி கூடியது. இங்க்ரிட் அதில் இருந்தாள். இனி ஆண், பெண் என்று அழைக்க வேண்டாம். ஜோடியில் இடப்பக்கம், ஆண்கள் நின்ற இடத்தில் நிற்பவர் வானம்பாடி; வலப்பக்கம், பெண்கள் நின்ற இடத்தில் நிற்பவர் ராபின் குருவி. டை பெட்டியும் போகட்டும். மற்ற ஊர்களில் எப்போதோ வந்துவிட்ட வழக்கம்தான், எனக்கும் நல்லதாகவே பட்டது. ஆனால் அதோடு நின்றதா? வெண்டெல் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். அவன் முகத்தையே பார்த்திராதவர்கள் இணையத்தில் அவனை வெறியன் என்று எழுதினார்கள். ஓரடி கூட ஆடத் தெரியாத வேறு சிலர் அவனுக்காகக் கொடி பிடித்தார்கள். வெண்டெல் டை பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து, தேவாலய நிலவறையில் பழையபடியே தனி ஆட்டம் நடத்தத் தொடங்கினான். எனக்குப் புருஷன், பெண்டாட்டி இருவர் மேலும் கோபம். ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று வாசித்தேன். இரண்டு இடத்திலும் என்னை உளவாளி மாதிரி பார்த்தார்கள்.

கார் வந்து நின்ற அந்தச் சனிக்கிழமை நிலவறையில் ஆட வந்தவர்கள் ஏழு பேர்தான். நாலு ஜோடியாவது சேராமல் வரிசை கட்ட முடியாது. மேஜையில் சூடாக்கி வைத்த ஆப்பிள் சாறு ஆறிக்கொண்டிருந்தது.

"லோரீன், வயலினை மூடிடு. இன்னிக்கு அவ்வளவுதான்," என்றான் வெண்டெல்.

அப்போது கதவு திறந்தது. தோளெல்லாம் பனியோடு இங்க்ரிட்.

"அங்க மூணு பேரு. வீட்டுக்கு அனுப்பிட்டேன். சாவியைக் குடு, கார்ல உக்காந்துக்கறேன்."

"இந்தக் குளிருலயா? இங்கயே உக்காரேன்."

அவள் உட்காரவில்லை. "கீகன்கிட்ட ஒரு வார்த்தை பேசினியா நீ?"

வெண்டெல் மைக் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "இல்ல. வெக்கமா இருந்துச்சு. போய் என்னத்தச் சொல்றது?" தலை நிமிர்ந்து, "நீ பேசினியா?" என்றான்.

இங்க்ரிட் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அவனுக்காக அத்தனை தீர்மானம் எழுதினேன்," என்றாள். "கடைப் பக்கம் மட்டும் போகல. வேலிக்கு ஆணி வேணும்னப்ப பக்கத்து ஊருக்குப் போய் வாங்கிட்டு வந்தேன்."

சத்தமில்லாமல் ஒருவன் எங்கள் நடுவிலிருந்து எழுந்து போனான். நாங்கள் அவன் விட்டுப்போன இடத்துக்குப் பேர் வைப்பதில் மும்முரமாக இருந்துவிட்டோம்.

இங்க்ரிட் பெட்டியருகே போய்க் குனிந்தாள். கைவிட்டுத் துழாவி மீன் படம் போட்ட டையை எடுத்தாள். கழுத்தில் மாட்டவில்லை, மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு வந்து, வரிசையில் துணையில்லாமல் நின்றவளின் இடது பக்கம் நின்றாள்.

எட்டுப் பேர் ஆயிற்று. எட்டுப் பேரும் வெண்டெலைப் பார்த்தார்கள்.

அவன் ஒயரைப் பிரித்தான். மைக்கை வாயருகே கொண்டுபோனான். ஆட்டம் எப்போதும் அவனுடைய முதல் சொல்லில்தான் தொடங்கும்; அது ஆண்கள் என்பதா, வானம்பாடி என்பதா? நான் வில்லைத் தந்தியின் மேல் வைத்து அழுத்தாமல் காத்திருந்தேன்.