சிரிக்கிற ஷாட்

என் தோள்பையில் பெகிமாயின் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. நான்காம் முறைதான் எடுத்தேன். ஷூட்டிங் நடக்கும்போது மாடல்களின் போன் என்னிடம்தான் இருக்கும். கோட்டுப் பையில் வைத்தால் அந்த இடம் புடைத்துக்கொண்டு தெரியும், உடைகளுக்குப் பொறுப்பு நான். அவள் மஞ்சள் மண்மலை இடுக்கில் சிவப்புக் கோட்டோடு நின்று, குளிருக்குக் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தாள். கீழே இசிக்குல் ஏரி ஆளரவமில்லாமல் கிடந்தது.

"பெகிமாயா?"

"இல்லைங்க, கூட வேலை பாக்கறவ. அவ கேமரா முன்னாடி நிக்கறா."

"நான் அவ பெரியப்பாம்மா, தெற்கே உஸ்கென்லேருந்து. தம்பி போயிட்டான். காலையில தோட்டத்துல விழுந்தவன்தான், எந்திரிக்கல. நாளைக்குக் காலையில எடுத்துடுவோம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"அவகிட்ட சொல்லிடாத தாயி. அப்பாவுக்கு முடியலன்னு மட்டும் சொல்லு. எப்படியாவது ராத்திரி ப்ளேன்ல ஏத்தி விட்டுடு. மத்தத நாங்க சொல்லிக்கறோம்."

எங்கள் கிர்கிஸ் வழக்கம் அது. சாவுச் செய்தியைச் சொந்தபந்தம் கூடித்தான் சொல்ல வேண்டும். பெற்ற தகப்பன் செத்ததை ஒரு பெண் வெட்டவெளியில் அந்நியர் வாயால் கேட்கக்கூடாது. நல்ல வழக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடனே கிளம்பினால்தான் தலைநகர் பிஷ்கெக்கில் அந்த விமானத்தைப் பிடிக்க முடியும். தவறினால் மலைப்பாதைதான் கதி, கணவாயில் நேற்றே பனி கொட்டிவிட்டது. தெற்கே பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து எடுப்பதற்குள் முகம் பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இயக்குநர் எல்டியாரிடம் ஓடினேன். நாங்கள் எடுப்பதை விளம்பரம் என்று யாராவது சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சினிமா என்றுதான் சொல்ல வேண்டும். நாலு நிமிடப் படம். வசனம் கிடையாது, விலை கிடையாது, கடைப்பெயர்கூடக் கடைசியில் கண் சிமிட்டும் நேரம்தான். ஒரு பெண் காற்றில் தனியாக நடப்பாள், எதையோ யோசிப்பாள், திரும்பிப் பார்ப்பாள், முடிவில் சிரித்துக்கொண்டே ஓடி வருவாள். அந்தக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டால் தனக்கும் அப்படிச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று பார்க்கிறவளுக்குத் தோன்ற வேண்டும். அந்தச் சிரிப்பு ஒன்றுதான் பாக்கி. காலையிலிருந்து அதற்கான வெயிலுக்காக உட்கார்ந்திருந்தோம்.

விஷயத்தைச் சொன்னதும் எல்டியார் ஹெட்போனை இறக்கினான். உள்ளங்கைகளை விரித்து, செத்தவருக்காக ஏதோ முணுமுணுத்து முகத்தைத் தடவிக்கொண்டான். நடிப்பில்லை, கண் கலங்கியதை நானே பார்த்தேன். பிறகு அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

"சொல்லக்கூடாதுன்னுதானே சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப சொல்லாதீங்க ஜிபாரா அக்கா. மேகம் இப்ப விலகிடும். ஒரே ஒரு ஷாட். முடிஞ்சதும் நானே வண்டிய ஓட்டறேன், பறந்துடலாம்."

"சிரிக்கிற ஷாட்டுடா அது."

"அவளுக்குத்தான் தெரியாதே."

வழக்கம் அவனுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. அவனிடம் பேசிப் பயனில்லை என்று நேரே பெகிமாயிடம் போனேன். கோட்டின் காலரைச் சரிசெய்கிற மாதிரி கிட்டே நின்று, அப்பாவுக்கு முடியவில்லையாம், பெரியப்பா பேசினார், உடனே கிளம்பு என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கலகலவென்று சிரித்தாள்.

"மறுபடியுமா? போன வருஷமும் இதே பெரியப்பாதான். அப்பாவுக்கு மூச்சு முட்டுதுன்னார். அழுதுகிட்டே ஓடினேன். போய்ப் பாத்தா மனுஷன் ஜம்முனு உக்காந்து தர்பூசணி வெட்டிட்டிருக்கார். எதிர்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, ஆளுக்கொரு துண்டு கையில!"

"இந்தத் தடவை நெசம்டி."

"அப்பவும் நெசம்னுதான் சொன்னாங்க. அவங்க சொல்லிக் குடுத்ததை வச்சு என் காதுல பூ சுத்தறீங்களா அக்கா? இதை முடிக்காம நகர மாட்டேன். ராத்திரி நானே போன் போட்டு அவரை நல்லா நாலு கேக்கறேன்."

புலி வருது, புலி வருது கதைதான். இப்போது புலி வந்துவிட்டது. அதைச் சொல்லிக் கத்தத்தான் எனக்கு உத்தரவில்லை. அந்தப் பெரியவர் மேல் கோபம் வந்தது. செத்தவர் மேலும் வந்தது, என்ன செய்ய.

வெயில் வந்தது. அவள் ஓடி வந்தாள், சிரித்தாள். எல்டியார் உதட்டைப் பிதுக்கினான். மறுபடி ஓடினாள். பல்தான் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை என்றான். நான் கடிகாரத்தைக் காட்டினேன், அவன் என் பக்கமே திரும்பவில்லை. அவளருகில் போய்க் குழந்தையிடம் பேசுகிற மாதிரி குனிந்து சொன்னான்:

"அக்காகிட்ட சத்தமா சொல்லிச் சிரிச்சியே, எனக்கே கேட்டுது, அந்தத் தர்பூசணி. அதை நினைச்சுக்கோ. உங்கப்பா ஏமாத்தினாரே, அந்த மூஞ்சிய அப்படியே கண்ணு முன்னாடி கொண்டு வா."

கொண்டு வந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ பெண்களுக்கு உடை மாட்டிவிட்டிருக்கிறேன், அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அப்பாவை மன்னித்துவிட்ட சிரிப்பு அது. மேக்கப் போடும் பெண் சைக்கலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் நடந்தேன். "அந்தப் பக்கம் பிடி" என்று மட்டும் சொன்னேன். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, கேள்வி கேட்காமல் பிடித்தாள்.

இரண்டு பக்கமும் முழங்கையைப் பிடித்துவிட்டால் பிறகு வாயால் சொல்ல ஒன்றுமில்லை. கேட்கிறவர் தரையில் விழாமலிருக்கத்தான் அந்தப் பிடி. எந்தச் சாவு வீட்டிலும் குழந்தைகள்கூடப் பார்த்திருக்கும். பெகிமாய் முதலில் என் கையைப் பார்த்தாள், பிறகு சைக்கலின் கையை. சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துபோன மாதிரி.

"கைய விடுங்க அக்கா."

நான் விடவில்லை.

"விடுங்கக்கா. நான் வேற மாதிரி சிரிக்கறேன். விடுங்க."

"வாம்மா. வண்டி நிக்குது."

"எடுத்துட்டாங்களா?"

"இல்லடி கண்ணு. காலையிலதான். முகம் பாத்துடலாம், வா, ஓடலாம்."

அவள் எங்கள் இரண்டு பேர் பிடியையும் மீறி மண்ணில் சரிந்தாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. வண்டியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்துவதற்காக எல்டியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஒரு கையை உயர்த்தி, யாரும் அசையாதீர்கள் என்று எல்லோரையும் நிறுத்தி வைத்திருந்தான். செத்தவருக்கு மரியாதை செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் பக்கத்தில் கேமராமேன் மெதுவாக மண்டியிட்டு, காற்றில் விரிந்து கிடந்த கோட்டின் ஓரத்திலிருந்து அவள் முகத்துக்குக் கேமராவை நகர்த்திக்கொண்டிருந்தான்.