இரண்டு வில்லைகளையும் திருப்பியவள்

அந்தக் கப்பலில் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்து எரிமலைத் தீவுகள், ஏழு நாள். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இவர்களோ ஒரு பகல் முழுவதும் அன்னநடை போட்டு, பயணிகளைச் சாய்வு நாற்காலிகளில் கிடத்தி, கையில் பழச்சாற்றைக் கொடுத்து, தூரத்தில் புகையும் மலையைக் காட்டிக் காட்டியே பொழுதை ஓட்டினார்கள். பம்பரத்துக்கு இரண்டாம் நாளே உடம்பெல்லாம் பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

"நடந்து போயிருந்தாக்கூட இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாம்ங்க," என்றாள் கணவரிடம்.

"தண்ணி மேலயா? நீ நடந்தாலும் நடப்பே," என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "என் வேகத்துக்கு ஏத்த வண்டி இப்பதான் கெடைச்சிருக்கு. பேசாம படு."

பம்பரம் என்பது அவளுக்கு ஜிப் தொழிற்சாலையில் வைத்த பெயர். பெட்டியில் அடுக்கும் பிரிவில் இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகப் பார்ப்பாள். அவர் அங்கேயே இயந்திரங்களுக்கு எண்ணெய் போடும் பிரிவு. அவருக்கு வைத்த பெயர் அசமந்தம். சட்டைக்குப் பொத்தான் போடக் கால் மணி நேரம், செருப்பை மாட்ட இன்னொரு கால் மணி நேரம். கோபமே வராத மனிதர். யார் என்ன கேலி செய்தாலும் தானும் சேர்ந்து சிரிப்பார். இப்படி ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு ஆள் எப்படி வாய்த்தார் என்று தொழிற்சாலையே வாயைப் பிளந்தது. பிள்ளை குட்டி கிடையாது. "அந்தக் கொறையெல்லாம் எனக்கு இல்ல. இவரையே இன்னும் வளத்து முடிக்கல," என்பாள் பம்பரம்.

தொழிற்சாலை வாசலில் ஒரு கடிகாரப் பெட்டி இருந்தது. வருகிறவர்கள் தங்கள் கார்டை அதில் செருகி நேரத்தை அடித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பம்பரம் ஏழரைக்கு முன்பே வந்து நிற்பாள். அவர் தெருமுனையில் யாரோடாவது பேசிக்கொண்டு ஆடி அசைந்து வருவார். அதனால் முதலில் தன் கார்டு, உடனே அவர் கார்டு. இருபத்தொன்பது வருடம் இப்படித்தான். எப்போதாவது மேற்பார்வையாளர் சந்தேகப்பட்டு, "உன் வீட்டுக்காரர் கார்டை யாரும்மா அடிச்சது?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும்: "அவரேதான் சார். என் கண்ணால பாத்தேன்." பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போய்விடும். ஆகையால் அந்தப் பொய்யை அவள் தலை வாரிக்கொள்வதுபோல் யோசிக்காமல் சொல்லப் பழகியிருந்தாள். இதெல்லாம் பெரிய பாவமா? ஊர் உலகத்தில் நடக்காததா? இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றார்கள். அதற்காகத்தான் இந்தக் கப்பல் பயணம்.

கப்பலில் கரைக்கு இறங்கும் கதவருகே ஒரு பலகை உண்டு. அதில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் அறை எண் எழுதிய உள்ளங்கை அளவு வில்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பச்சை. தீவில் இறங்கும்போது சிவப்புப் பக்கம், திரும்பி வந்ததும் பச்சைப் பக்கம். எல்லாம் பச்சையானால் எல்லோரும் வந்தாயிற்று என்று கப்பல் கிளம்பும். ஒவ்வொரு காலையும் பயணிகளைக் கவனிக்கும் வெள்ளைச் சட்டை அதிகாரி, முப்பது வயதுகூட ஆகாதவன், தொண்டை கிழியச் சொல்வான்: "அவங்கவங்க வில்லையை அவங்கவங்கதான் திருப்பணும். புருஷனுக்குப் பொண்டாட்டி திருப்புறதெல்லாம் கூடவே கூடாது."

"நம்மளப் பாத்தே சொல்ற மாதிரி இருக்குடி," என்று அவர் அவள் விலாவில் இடிப்பார். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வார்கள்.

முதல் இரண்டு தீவுகளிலும் சேர்ந்து போய்ச் சேர்ந்தே வந்தார்கள். ஏறியதும் அவள் கை தன் வில்லையைத் திருப்பியது, பக்கத்து வில்லையையும் திருப்பியது. பின்னாலேயே அவர் நின்றதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

மூன்றாவது தீவில் குடியிருப்பே கிடையாது. கரியைக் கொட்டிப் பரப்பியதுபோல் மணல், ஆங்காங்கே தரைக்குள்ளிருந்து கசியும் ஆவி, அழுகிய முட்டை நாற்றம். "பள்ளமான எடத்துல மட்டும் யாரும் உக்காராதீங்க," என்று வழிகாட்டி எச்சரித்தார். "மலை விடுற கெட்ட காத்து கனமானது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. காத்து வீசலேன்னா பள்ளத்துல அப்படியே தங்கிடும்." அசமந்தம் அப்போது ஒரு கல்லை எடுத்து, அதன் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குப் பம்பரத்துக்குத் தலை வலித்தது. "நீ முன்னாடி போ. அந்தப் பாறைக்குப் பின்னால ஆவி பொங்குதாம், ஒரு படம் எடுத்துட்டு கடைசிப் படகுல வந்துடறேன்," என்றார் அவர்.

"கடைசிப் படகுக்காவது வந்துடுங்க. உங்களுக்காகக் கப்பல் நிக்காது."

படகிலிருந்து கப்பலுக்கு ஏறினாள். பின்னால் எட்டுப் பேர் இடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்தொன்று அ, நாற்பத்தொன்று ஆ. டக், டக். நேராக அறைக்குப் போய் மாத்திரை போட்டுப் படுத்துவிட்டாள். கடைசிப் படகு கரையை ஒரு பார்வை பார்த்தது. யாரும் தென்படவில்லை, பலகையில் எல்லாம் பச்சை என்று கப்பலிலிருந்தும் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டரைக்குக் கப்பல் தன் அன்னநடையைத் தொடங்கியது.

அவள் விழித்தபோது இரண்டு மணி. சாப்பாட்டுக் கூடத்தில் அவர் இல்லை. மேல்தளத்தில் இல்லை. எங்கேயாவது வாயைத் திறந்துகொண்டு தூங்கும் மனுஷன் என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தாள். இரண்டரை வரை தேடியும் காணவில்லை. அதிகாரியிடம் ஓடினாள்.

அவன் பலகையைப் பார்த்தான். "பச்சையா இருக்கேம்மா. அவரேதான் திருப்பினாரா?"

"அவரேதான் தம்பி. என் கண்ணால பாத்தேன்."

கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது. திருத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முகம் வெளுத்து, கம்பியில்லாப் பேசியில் கத்திக்கொண்டிருந்தான்: "கப்பல்ல ஏறின ஆளைக் காணோம். கடல்ல விழுந்திருக்கணும்."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும் இல்லையா? நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து ஆயிரம் சொல்லலாம். சங்கு ஊதியது. கப்பல் திரும்பியது. பயணிகள் எல்லாம் கம்பியோரம் வந்து கடலைத் துழாவினார்கள். இரண்டு சிறு படகுகளை இறக்கினார்கள். யாரோ ஒரு அம்மாள் பம்பரத்தைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "கெடைச்சுடுவாரும்மா," என்று அழுதாள். இத்தனை பேரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். இப்போது போய், நான்தான் திருப்பினேன், நான் சொன்னது பொய் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அதோடு மனது செய்யும் மாயம் இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல. அவள் நினைத்துப் பார்த்தாள். தன் வில்லையைத் திருப்பியது ஞாபகம் வந்தது. பக்கத்து வில்லையைத் திருப்பியது ஞாபகம் வரவில்லை. ஒருவேளை அவர் கடைசிப் படகில் வந்து தானே திருப்பியிருக்கலாம். ஆமாம், அப்படித்தான் இருக்கும். எண்ணெய்க் கறை போகாத அவருடைய விரல்கள் அந்த வில்லையைத் தொடுவதைக்கூட அவள் கண்டுவிட்டாள். நடக்காததைக் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கப்பல் வந்த வழியே போனது, திரும்பியது, மறுபடி போனது. தீவு பக்கத்தில்தான் இருந்தது. கரிய கரையும் புகையும் நன்றாகத் தெரிந்தன. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஏறிவிட்ட ஆளைத் தீவில் போய் யார் தேடுவார்கள்? காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. கடல் எண்ணெய் விட்டாற்போல் கிடந்தது.

நாலு மணிக்கு அதிகாரி ஒரு குவளைத் தண்ணீரோடு வந்தான். "குடிங்கம்மா," என்று ஒரு கையில் கொடுத்துவிட்டு, மறுகையில் வைத்திருந்த மாத்திரைகளையும் நீட்டினான். "டாக்டர் ரெண்டு மாத்திரை குடுத்திருக்காரு. உங்களுக்குத்தான்."

அவள் ஒரு மாத்திரையை எடுத்துக்கொண்டு, மற்றதை, "இது அவருக்கு," என்று புடவை முந்தானையில் முடியப் போனாள். முடிச்சுப் போடப் போன கை அப்படியே நின்றது. அந்தக் கையைப் பார்த்தாள்.

"தம்பி, நான்தான்," என்றாள். "நான்தான் ரெண்டையும் திருப்பினேன். பழக்கம் தம்பி. அவர் ஏறவே இல்ல. அவர் அங்கதான் இருக்காரு. ஐயோ, அங்கதான் இருக்காரு!"

அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினான். கப்பல் அந்தப் பயணத்தில் முதல்முறையாக வேகமாகப் போனது.

படகு போய் வர நாற்பது நிமிடம் ஆனது. அவளைப் படகில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரட்டும், வந்ததும் நாலு வாங்கு வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே நின்றாள். பிறகு அதையும் விட்டுவிட்டு, வந்தால் போதும், வந்தால் போதும் என்றாள். வழிகாட்டிதான் முதலில் ஏறினார். அவர் இவள் பக்கமே திரும்பவில்லை. அதிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

கரைக்கு மேலே ஒரு பள்ளத்தில், பாறையில் சாய்ந்து உட்கார்ந்தவாக்கில் இருந்தாராம். தொப்பியை மடியில் வைத்திருந்தாராம். அவரைத் தூக்கி வந்து தளத்தில் கிடத்தியதும் பம்பரம் அவர் காலைப் பிடித்தாள். "உடம்பு சுடுதே! சூடு இருக்கே டாக்டர், நல்லாப் பாருங்க! இவரு எழுந்திரிக்கவே நேரம் ஆகும், இவரு எப்பவுமே இப்படித்தான்!"

மருத்துவர் மூன்று முறை பார்த்தார். "போய் ரொம்ப நேரம் ஆகலம்மா," என்றார் மெதுவாக. ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். அந்த ஒரு வாக்கியம் அவளை என்ன செய்யும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"வலி தெரிஞ்சிருக்காதும்மா. தூக்கம் வர்ற மாதிரிதான் இருந்திருக்கும்," என்று அதிகாரியும் சொன்னான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவருடைய பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். "நாங்க யாரும் உங்களைக் கொறை சொல்லலம்மா."

குறை சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. இனிமேல் அவளைக் கேலி செய்யவும் யாரும் இல்லை, அவள் திட்டவும் யாரும் இல்லை. வீட்டுச் சாவியைக் கதவில் போட்டுத் திறந்து உள்ளே போனால் யாருக்காகப் பரபரப்பது? வாழ்க்கை முழுக்க ஒரு மனிதரின் வேலையை முந்திக்கொண்டு முந்திக்கொண்டு செய்தவள், கடைசியில் அதையே செய்து அவரைத் தொலைத்துவிட்டாள். செத்துப்போகலாம் போல இருந்தது.

பையில் அவருடைய கைபேசி இருந்தது. பூட்டுக்கூடப் போடத் தெரியாத மனிதர். படங்களைத் திறந்தாள். பொங்கும் ஆவி, துளைக்கல், கரிய மணல். பிறகு வெறும் கடல். பிறகு கடலில் இந்தக் கப்பல். சிறிதாக ஒரு படம், கொஞ்சம் பெரிதாக ஒரு படம், மறுபடி சிறிதாக ஒன்று. கடைசியாக ஒரு காணொளி. அதை அழுத்தினாள்.

கப்பல் தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் குரல் மூச்சு வாங்கியது, ஆனால் சிரித்தது. "பாருடி, உன் வேலையை. ரெண்டையும் திருப்பிட்டே இல்ல? பரவால்ல, பரவால்ல. அங்கயும் இங்கயும் தேடுறாங்க. போன்ல டவரும் இல்ல. சட்டையைக் கழட்டி ஆட்டிப் பாத்தேன், யாரும் பாக்கல. நீ இந்நேரம் சொல்லியிருப்பே. இப்ப வந்துடுவாங்க." கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "வெயில் தாங்கல. மேல ஒரு எடத்துல நெழல் இருக்கு, அங்க போய் உக்காந்துக்கறேன். நீ பயந்துக்காத."

கீழே நேரம் போட்டிருந்தது: மூன்று நாற்பது. அந்த நேரத்தில் அவள் மேல்தளத்தில் வாயை மூடிக்கொண்டு, அந்தக் கரையைப் பார்த்தபடிதான் நின்றிருந்தாள்.