குருமனையை அளந்த நாட்கள்

விஸ்வலிங்கத்துக்கு அந்த வீட்டைப் பார்த்தாலே அலுப்பு தட்டியது. சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மாமரங்களுக்கு நடுவே நின்ற அந்தக் குருமனையை ஒரு வீடு என்று சொல்வதே தப்பு. எண்பது வருடமாக வந்து போன பாதிரிமார் ஒவ்வொருவரும் தம் இஷ்டத்துக்கு ஒட்டுப்போட்ட கட்டடம் அது. முதலில் வந்தவர் செங்கல் தூண்கள்மேல் பலகை வீடு கட்டி அத்தாப்பு ஓலை வேய்ந்தார். அடுத்தவர் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பிக் கீழேயும் அறைகள் ஆக்கினார். மூன்றாமவரின் மனைவிக்கு வெயில் ஆகாதாம், அதனால் வீட்டைச் சுற்றி வராந்தா வந்தது. நான்காமவர் அந்த வராந்தாவை அடைத்துப் புத்தக அறை ஆக்கியதில், உள்ளே இருந்த படுக்கையறையின் ஜன்னல் ஒரு அலமாரியின் முதுகைப் பார்த்தபடி நின்றது. கடைசிப் பாதிரியார் இப்போது ஜப்பான்காரனின் கைதியாகச் சாங்கிச் சிறையில். இல்லாவிட்டால் அவரும் எதையாவது இடித்துக் கட்டியிருப்பார்.

விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக அரசாங்க அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிறவர். வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்த பிறகும் அவருக்கு அதே மேசைதான், அதே மைதான். தலைகுனிய வேண்டிய ஆள் மட்டும் மாறியிருந்தான். 1943 மார்ச்சில் லெப்டினன்ட் ஹயாமி அவரைக் கூப்பிட்டு, குருமனையை அதிகாரிகள் தங்கும் விடுதியாக்கப் போகிறோம், எது பழைய சுவர், எது பிறகு வந்தது, எதை இடிக்கலாம் என்று காட்டும் முழுப் படம் வேண்டும் என்றார். சுவரைத் தட்டிப் பார்க்கவும் அளவு டேப்பைப் பிடிக்கவும் கோவிந்தசாமி என்ற கொத்தனாரைத் துணைக்குக் கொடுத்தார்.

சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கையில் வேலை இருக்கிற கூலியாள் ஊரில் இருக்கலாம். வேலை முடிந்தவன் அன்றைக்கே லாரி ஏற வேண்டும். ஏறிப் போனவர்களில் ஒருவனிடமிருந்தும் ஒரு வரி கடிதம் வந்ததில்லை.

அலுவலகத்து மேசைக்காரர் எல்லோரும் கோவிந்தசாமிக்குக் கிராணிதான். மூன்றாம் வாரம் அவன் மெதுவாகக் கேட்டான். "இன்னும் எத்தன நாளுங்க கிராணி ஐயா?"

"ஏன், உனக்கு என்ன அவசரம்?"

"எனக்கு ஒரு அவசரமும் இல்லைங்க. அதான் கேக்குறேன்."

விஸ்வலிங்கம் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "அந்தச் சுவரை இன்னொருக்கால் தட்டிப் பார்" என்றார்.

அன்றிலிருந்து வீடு வளர ஆரம்பித்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், பொய் சொல்லவே தேவைப்படவில்லை. கோவிந்தசாமி தட்டிய இடமெல்லாம் சுவருக்குள் இன்னொரு சுவர் இருந்தது. "இது கைதிங்க அறுத்த கல்லுங்க, கனத்தப் பாருங்க. இது பின்னால வந்த சீனங்க சூளைக் கல்லு" என்று கட்டைவிரலால் தடவியே சொல்லிவிடுவான். மாடிப்படிக்கு அடியில் மூடிப்போன கதவு அகப்பட்டது. அதற்கு ஒரு வாரம். ஓட்டுக்குக் கீழே பழைய அத்தாப்புக் கூரையின் மரச்சட்டங்கள் அப்படியே கிடந்தன. அதற்கு இரண்டு வாரம். நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிற விஸ்வலிங்கம், வாழ்க்கையில் முதல்முறையாகப் பாதிரிமாரை மனதார வாழ்த்தினார். இன்னும் இரண்டு கிறுக்கர்கள் இங்கே குடியிருந்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தார்.

"முடிந்ததா?" என்று ஹயாமி வாரா வாரம் கேட்பார். முடியவில்லை, வீடு ரொம்பக் குழப்பம் என்று விஸ்வலிங்கம் வாரா வாரம் குனிவார். பகலெல்லாம் அளவு, மாலையில் மரவள்ளிக்கிழங்குக்கு வரிசை. கண் மங்கியது, இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு மனிதனை ஊரில் வைத்திருக்க இவ்வளவு கோடு போட வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஆயாசமாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு நாள் காலை, கோவிந்தசாமி குருமனையில் இருக்க, இவர் அலுவலகத்தில், வேலை நடப்பதாக ஹயாமிக்குக் காட்ட, முழுப் படத்துக்கு மை ஏற்றிக்கொண்டிருந்தார். வெறும் வயிறு, தலை கிறுகிறுத்தது. சமையற்கட்டின் கடைசிச் சுவரையும் இழுத்து முடித்தார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. முப்பது வருடம் பழகிய கை ஓரத்தில் வடக்கு அம்புக்குறி போட்டது, அளவுத்திட்டம் எழுதியது, தேதி போட்டது, கீழே கையெழுத்தும் வைத்தது. கையெழுத்தில்லாமல் படத்தை விடுவது, சாப்பிட்ட கையைக் கழுவாமல் தெருவில் இறங்கிப் போவது மாதிரி அவருக்கு. பேனாவைக் கழுவ எழுந்து போனார்.

திரும்பி வந்தபோது ஹயாமி மேசையருகே நின்றார். அவர் விரல் கையெழுத்தின்மேல் இருந்தது. முடிந்துவிட்டது, அழகான வேலை என்றார்.

விஸ்வலிங்கம் விரைந்து மேசைக்கு வந்தார். இல்லை, இதில் பிழை இருக்கிறது என்றார். தன் படத்தில் பிழை என்று அவர் வாயால் சொன்னது அதுவே முதல் தடவை. எங்கே என்று கேட்டார் ஹயாமி. மாடிப்படி, அரை அடி பிசகு என்றார். ஹயாமி ஸ்கேலை வைத்துத் தானே அளந்தார். எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது. தன்னடக்கம் உள்ள மனிதர் என்று தோளில் தட்டிவிட்டு, நான்கு மணி வரை மேலதிகாரிகளுக்குப் படத்தை விளக்க வைத்து, இரண்டு நாள் விடுப்பும் கொடுத்தார்.

விஸ்வலிங்கம் குருமனைக்கு ஓடினார். கோவிந்தசாமி கட்டிய சாரம் மட்டும் நின்றது. அங்கிருந்து பஃபலோ ரோட்டுப் பின்சந்துக்குப் போனார். கோவிந்தசாமியின் மனைவி ரத்தினம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"மத்தியானமே ஏத்திட்டுப் போயிட்டாங்க ஐயா. வேட்டி எடுத்துக்க மட்டும் இங்க நிறுத்துனாங்க" என்றாள். "கிராணி ஐயா நாள எவ்வளவோ இழுத்துப் பாத்தாரு, பாவம், அவங்கதான் படத்தப் புடுங்கிட்டாங்க போலன்னு சொல்லிட்டுப் போனாரு."

அப்படியே விட்டிருக்கலாம். விஸ்வலிங்கத்தால் முடியவில்லை.

"ஒருத்தரும் பிடுங்கேல்லை, ரத்தினம்மா. நான்தான் கையெழுத்து வைச்சனான். பழக்கத்திலை கை தன்ரை பாட்டுக்கு வைச்சிட்டுது."

அவள் அவரையே பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவருக்கு எடுத்து வச்சது. திங்க விடல. நீங்க சாப்பிடுங்க."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. ரத்தினம்மா பார்த்துக்கொண்டே இருக்க, கோவிந்தசாமியின் பங்கை அவர் கடைசித் துண்டு வரை தின்றார்.